மேலதிகமாக ஒரு கட்டில்

ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் முகாமைத்துவம் கற்பித்த விரிவுரையாளர் இரண்டு சொற்களை எங்களிடம் விட்டுச் சென்றார். ஒன்று வினைத்திறன், மற்றையது விளைதிறன். குறைந்த நேரத்தில், குறைந்த செலவில், விரயமின்றி ஒரு காரியத்தை முடிப்பது வினைத்திறன். முடிக்க வேண்டிய காரியம் எதுவோ அதனையே முடித்து, நாடிய விளைவை அடைவது விளைதிறன். பரீட்சைக்காக மனனஞ் செய்து, எழுதி, புள்ளி வாங்கி, பின்னர் மறந்துபோன இந்த வேறுபாடு பல வருடங்கள் கழிந்து ஒரு கணினி விளையாட்டின் முன்னால் வைத்து என்னைப் பிடித்துக்கொண்டது.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் என் மகன் இரவுகளில் விளையாடும் விளையாட்டு அது. பெயர் ரிம்வேர்ல்ட். கனடாவைச் சேர்ந்த டைனன் சில்வெஸ்டர் என்பவர் உருவாக்கியது. 2013 இல் பொதுமக்களிடம் நிதி திரட்டித் தொடங்கப்பட்டு, 2018 ஒக்டோபரில் முழுமையான பதிப்பாக லூடியன் ஸ்டூடியோஸ் நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. ஆதம்ஸ் சகோதரர்கள் இருவர் 2006 இல் வெளியிட்ட ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ் என்ற விளையாட்டு இதற்கு முன்னோடி. விளையாட்டைப் பற்றி ஓர் இலக்கிய ஏட்டில் எழுதுவதா என முகஞ் சுளிப்போர் சற்றுப் பொறுத்தருள வேண்டும். நான் எழுத முனைவது விளையாட்டைப் பற்றி மட்டுமல்ல. ஒரு வீட்டின் வரைபடத்தை வரைகின்ற கை அந்த வேளையில் என்ன செய்கின்றது என்பதைப் பற்றியுமாகும்.

விளையாட்டின் தொடக்கம் எளிமையானது. தூரத்துக் கிரகமொன்றில் விண்கலம் உடைந்து மூவர் விழுகின்றனர். கையில் சிறிது உணவு, சில ஆயுதங்கள், கொஞ்சம் மரம், கொஞ்சம் உருக்கு. அவர்கள் உயிர்வாழ ஓர் இருப்பிடம் அமைக்க வேண்டும். எங்கே சுவர், எங்கே கதவு, எங்கே வயல், யார் எந்த வேலையைச் செய்வது என்பவற்றை விளையாடுபவர் தீர்மானிக்கின்றார். பட்டினி, நோய், கடுங்குளிர், கொள்ளையர், மின்னொழுக்கால் எழும் தீ என்பன ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டேயிருக்கும். ஒரு விண்கலத்தைக் கட்டி அக்கிரகத்தைவிட்டுப் புறப்படுவது இறுதி இலக்குகளுள் ஒன்று. அதுவரை தாக்குப்பிடிப்பது அந்த இருப்பிடத்தின் அமைப்பிலேயே பெரிதும் தங்கியிருக்கின்றது.

ஆகவே நல்ல இருப்பிடம் ஒன்றை வடிவமைப்பது எவ்வாறு என்பது இதனை விளையாடுவோர் மத்தியில் ஒரு கலையாகவே வளர்ந்துள்ளது. குசினி குளிர்க்களஞ்சியத்தை ஒட்டியிருக்க வேண்டும். சமைப்பவர் ஒவ்வொரு முறையும் நடக்கும் தூரம் குறையும். ஆனால் இறைச்சி வெட்டும் மேசையைக் குசினிக்குள் வைக்கக் கூடாது. இரத்தமும் அழுக்கும் சேர்ந்தால் உணவு நஞ்சாகும். குளிரூட்டி ஒரு பக்கத்தைக் குளிராக்க, அதன் வெப்பம் மறுபக்கத்தில் வெளியேறும்; அந்தப் பக்கம் திறந்த வெளியாக இருக்க வேண்டும். மரச்சுவர் விரைவில் எழும், விரைவில் எரியும். கற்சுவர் எழ நாட்கள் செல்லும், தீக்கு அஞ்சாது. நெல் விரைவில் விளையும்; சோளம் தாமதித்து விளைந்தாலும் அறுவடை கூடியது; உருளைக்கிழங்கு வளங்குன்றிய மண்ணையும் பொறுத்துக்கொள்ளும். இவற்றை மகன் எனக்கு விளக்கியபோது, மாணவன் யார், ஆசிரியன் யார் என்பது எனக்கே மறந்துவிட்டது.

அவனுடைய முதலாவது இருப்பிடம் வினைத்திறனின் உச்சம் எனலாம். ஆறு பேர் சேர்ந்ததும் ஒரே மண்டபத்தில் ஆறு கட்டில்களை வரிசையாகப் போட்டான். சாப்பாட்டு மேசை வைக்கவில்லை. மேசைவரை நடந்து, கதிரையில் அமர்ந்து, திரும்பி வரும் நேரம் விரயமாம். நின்ற இடத்திலேயே தின்றுவிட்டு வேலைக்குப் போகட்டும் என்பது திட்டம். சில கிழமைகள் எல்லாம் ஒழுங்காக நடந்தன. ஆனால் இந்த விளையாட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு மனநிலை அளக்கப்படுகின்றது. மேசையில்லாமல் உண்டது ஒரு குறை. பலரோடு ஒரே மண்டபத்தில் உறங்கியது ஒரு குறை. இரவில் எவரோ நடந்து உறக்கத்தைக் கலைத்தது ஒரு குறை. புதைக்காது விட்ட பிணத்தைக் கண்டது ஒரு குறை. தனித்தனியே பார்த்தால் அற்பமானவை. கூட்டிப் பார்த்தால் ஒரு மனிதன் உடைந்துபோகும் அளவு. ஒருநாள் தச்சு வேலை செய்தவர் உடைந்தார். அவர் அடித்து நொறுக்கியது குளிர்க்களஞ்சியத்தின் குளிரூட்டியை. இறைச்சி அழுகியது. கொள்ளையர் எவரும் வராமலேயே அந்தக் குடியேற்றம் பசியால் அழிந்தது.

மேசைக்காகச் செலவாகும் நேரத்தை மிச்சப்படுத்தியதால் அழிந்த ஊர் அது. வினைத்திறன் இருந்தது, விளைதிறன் இருக்கவில்லை. விரிவுரையாளரின் இரண்டு சொற்களும் அன்றிரவு எனக்கு நினைவுக்கு வந்தன.

இரண்டாவது முறை மகன் மலையைக் குடைந்து உள்ளே குடியிருப்பை அமைத்தான். தடித்த மலைக்கூரையைத் துளைத்துக்கொண்டு வானிலிருந்து எதிரிகள் இறங்க முடியாது. மோட்டார் குண்டுகளும் துளைக்கா. இதைவிடப் பாதுகாப்பான இடம் வேறில்லை என்றான். ஆனால் அத்தகைய ஆழமான இருளில்தான் பெரும் பூச்சிக் கூட்டங்கள் தோன்றும் என்ற விதியும் அந்த விளையாட்டில் உண்டு. ஒருநாள் அவை உறங்குமிடத்தின் நடுவிலிருந்தே கிளம்பின. வெளிப்பகைக்காகக் கட்டிய அரண் உட்பகைக்குக் கருப்பையாகிவிட்டது.

மூன்றாவது இருப்பிடத்தில் அவன் இரண்டு தவறுகளிலிருந்தும் பாடங் கற்றிருந்தான். ஒவ்வொருவருக்கும் சிறிய தனியறை. நடுவில் எல்லோரும் உண்பதற்கும் பொழுதுபோக்குவதற்கும் ஒரே அழகிய மண்டபம். தனித்தனி அறைகளை அலங்கரிப்பதைவிட ஒரு பொது மண்டபத்தை அலங்கரித்தால் அத்தனை பேரின் மனமும் ஒருங்கே உயரும் என்பது கணக்கு. இதனை எந்த ஊர்த் தலைவருக்கும் நான் சிபாரிசு செய்வேன்.

வாயிலில் மட்டும் எனக்கு உடன்பாடில்லாத ஒன்று இருந்தது. அதனைக் கில்பொக்ஸ் என்கின்றனர். மதில் முழுவதையும் அடைத்துவிட்டால் கொள்ளையர் எங்காவது சுவரை உடைப்பர். எனவே வேண்டுமென்றே ஒரு வழியைத் திறந்துவிட வேண்டும். திறந்த வழியைக் கண்டதும் அவர்கள் அதனூடாகவே வருவர். அந்த வழி பொறிகள் நிறைந்த நீண்ட நடையாக இருக்கும். அதன் முடிவில் மண்மூட்டைகளுக்குப் பின்னால் துவக்குகள் காத்திருக்கும். திறந்த வாசல் என்பது மனித வழக்கில் ஒரு வரவேற்பு. இங்கோ அது தூண்டில். எனினும் கொல்ல வருபவனைத் தடுக்கும் உரிமை வீட்டில் இருப்பவருக்கு உண்டென்பதை மறுக்கும் துணிவு எனக்கில்லை. இன்னுமொன்று: கொள்ளையரின் பலம் குடியேற்றத்தின் ஆட்தொகையையும் செல்வத்தின் பெறுமதியையும் கொண்டே கணிக்கப்படுகின்றது. செல்வம் சேரச் சேரப் பகை பெருகும். பகை பெருகப் பெருக மதில் உயரும். அந்தச் சக்கரத்தை உருவாக்கியவர் உலகத்தைச் சற்று அறிந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

இனி, நான் எழுத வந்த விடயத்துக்கு வருகின்றேன்.

பனிக்காலம். வயல்கள் செத்துக் கிடந்தன. குடியிருப்பில் ஆறு பேர், ஆறு அறைகள், ஆறு கட்டில்கள். அப்போது வானிலிருந்து ஒரு கூண்டு விழுந்து உடைந்தது. உள்ளே காயமுற்ற ஓர் அந்நியர். இரத்தம் பெருகிக்கொண்டிருந்தது. இன்னும் எத்தனை மணித்தியாலத்தில் உயிர் பிரியும் என்பதை அந்த விளையாட்டு எண்ணால் காட்டும்.

"வாப்பா, ஒராள் விழுந்து கிடக்கிறார். தூக்கவா?" என்றான் மகன்.

அந்த வேளையில் நானும் அந்தத் திரைக்குள் புகுந்திருந்தேன் என்றே சொல்ல வேண்டும். "சாப்பாடு எத்தனை நாளைக்கு இருக்கு?"

"பத்து நாளைக்கு. பனி முடியவும் பத்து நாள்தான்."

"ஆறு பேருக்குத்தானே?"

"ஓம்."

"அப்ப விடு மகன். நம்மட ஆக்களப் பாரு."

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். எதுவும் சொல்லவில்லை. விளையாட்டை நிறுத்தி வைக்கவுமில்லை. எண் குறைந்துகொண்டே வந்தது. அந்த மௌனத்தைத் தாங்கமாட்டாமல் நானே, "சரி, தூக்கு" என்றேன். அவன் கட்டளையிட்டான். கட்டளை ஏற்கப்படவில்லை. காயப்பட்டவரைத் தூக்கிவர, ஒதுக்கப்படாத கட்டில் ஒன்று இருக்க வேண்டும். இல்லையெனில் விளையாட்டு மறுத்துவிடும். நிலத்தில் படுக்கைக்கென ஓரிடத்தைக் குறித்தாலும் போதும், அதற்கு மரமும் வேண்டாம், செலவும் இல்லை என்பது அவனுக்குத் தெரியும். அவசர அவசரமாகக் களஞ்சியத்தின் மூலையில் ஓரிடத்தைக் குறித்தான். ஒரு பெண் பனியில் ஓடிச்சென்று அந்த மனிதரைத் தோளில் தூக்கினாள். பாதி வழியில் அவர் இறந்துபோனார்.

"கேம்தானே வாப்பா" என்றான் மகன், எனக்கு ஆறுதல் சொல்வதுபோல. பின்னர் ஒரு குழி தோண்டக் கட்டளையிட்டான்.

அவன் கூறியது உண்மை. அங்கு எவரும் சாகவில்லை. ஓர் எண் பூச்சியமாயிற்று, அவ்வளவே. கணினி விளையாட்டுகள் இளைஞரைக் கெடுக்கின்றன என்ற வழக்கமான புலம்பலைப் பாட நான் வரவில்லை. அன்று தயங்கியவன் இளைஞன்; 'விடு' என்று சொன்னவன் நாற்பது தாண்டிய ஆசிரியன். என்னை உறுத்தியது இறந்தவருடைய கதியல்ல, அந்தச் சொல் என் வாயில் எவ்வளவு இலகுவாக வந்தது என்பதே. ஏன் அவ்வளவு இலகுவாக வந்தது? அது ஒரு கொடுமையாக எனக்குத் தோன்றவில்லை. ஒரு கழித்தல் கணக்காகத் தோன்றியது. ஆறு பேர், பத்து நாள், ஆறு கட்டில். இதில் கருணைக்கு இடமெங்கே?

இதே கணக்கை மிகவும் தீவிரமாக முன்வைத்தவர் ஒருவர் உண்டு. அமெரிக்கச் சூழலியலாளர் கரட் ஹார்டின் 1974 இல் எழுதிய கட்டுரையில் உலகத்தை உயிர்காப்புத் தோணிகளுக்கு ஒப்பிட்டார். ஒரு தோணியில் 50 பேர் இருக்கின்றனர். இன்னும் 10 பேருக்கு இடமுண்டு. நீரில் 100 பேர் தத்தளிக்கின்றனர். எல்லோரையும் ஏற்றினால் தோணி மூழ்கும். 10 பேரை ஏற்றினால் ஆபத்து வேளைக்கென இருந்த மேலதிக இடம் போய்விடும். அத்தோடு எந்தப் பத்துப் பேரை எடுப்பது? ஆகவே எவரையும் ஏற்றாமல் அந்த மேலதிகத்தைப் பாதுகாப்பதே அறிவு என்பது அவரது முடிவு. வறிய நாடுகளுக்கான உணவு உதவியையும் குடிவரவையும் எதிர்ப்பதற்கு அவர் இந்த உவமையைப் பயன்படுத்தினார். கேட்பதற்குக் கசப்பான இந்த வாதத்தை நல்ல மனத்தால் மட்டும் தள்ளிவிட முடியாது. அதில் எண்கள் இருக்கின்றன. எண்ணுக்கு எண்ணாலேயே பதில் சொல்ல வேண்டும்.

எனது பதில் அந்தப் பனிக்கால இரவில் கிடைத்தது. ஹார்டினின் தோணியில் இருப்பவர்கள் அந்தத் தோணியைச் செய்தவர்களல்லர். அதன் அளவு அவர்களுக்கு முன்னரே தீர்மானிக்கப்பட்டது. ஆனால் என் மகனின் குடியிருப்பை அவனே வரைந்தான். ஆறு கட்டில் என்பது வானத்திலிருந்து விழுந்த விதியல்ல; கோடையில், மரமும் நேரமும் தாராளமாக இருந்தபோது, அவன் கையால் எடுத்த முடிவு. ஒரு கட்டிலுக்கு வேண்டியது 45 மரத்துண்டு. மேலும் சில வரிசை சோளம் நட்டிருந்தால் பத்து நாள் உணவு பதின்மூன்று நாளைக்குக் காணும். பனியில் 'இடமில்லை' என்று ஆனதற்குக் காரணம், கோடையில் இடம் வைக்காதது. ஒழுக்கம் பற்றிய வினா கூண்டு விழுந்த இரவில் எழவில்லை. அது வரைபடம் வரைந்த பகலிலேயே எழுந்து, எவருடைய கண்ணிலும் படாமல் விடையும் கூறப்பட்டுவிட்டது.

நம் பேச்சுவழக்கில் 'ஏலாது' என்று ஒரு சொல் இருக்கின்றது. 'மாட்டேன்' என்று மற்றொரு சொல் இருக்கின்றது. மாட்டேன் என்பவன் தன் மறுப்புக்குத் தானே பொறுப்பேற்கின்றான். ஏலாது என்பவன் அப்பொறுப்பை உலகத்தின்மீது போடுகின்றான். மேலதிகக் கட்டில் இல்லாத குடியிருப்பு செய்கின்ற வேலை இதுதான்: முன்னரே சொல்லிவிட்ட ஒரு மாட்டேனை, வாசலில் ஆள் வந்து நிற்கும்போது ஏலாது என மாற்றித் தருகின்றது. மறுப்பவர் கைகழுவிக்கொள்ளலாம். சாப்பாடு கணக்கு, கட்டில் கணக்கு, நான் என்ன செய்ய?

இதற்கு ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. ஒரு கட்டில் மேலதிகமாகப் போட்டால் இரண்டு பேர் விழுவர். இரண்டு போட்டால் நால்வர். எங்கே நிறுத்துவது? மேலும், உள்ளே இருக்கும் ஆறு பேர் நம்மை நம்பி இருப்பவர்கள். அவர்களுடைய பிடி சோற்றை எடுத்து அந்நியருக்கு ஈந்து நாம் நல்லவராகலாமா? இதனை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. எந்த வரைபடமும் எல்லோரையும் கொள்ளாது. மேலதிகக் கட்டிலும் ஒருநாள் நிரம்பும்; அதற்கு அடுத்தவரிடம் மறுக்கத்தான் வேண்டியிருக்கும். ஆயினும் அப்போது சொல்வது உண்மையான ஏலாது. அதைச் சொல்பவன் துக்கப்படலாம், வெட்கப்பட வேண்டியதில்லை. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சிறிதென எண்ணுபவர், இரண்டையும் அனுபவித்திராதவராகத்தான் இருக்க வேண்டும்.

இந்த விளையாட்டு கருணைக்கு எப்போதும் பரிசளிப்பதில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். காப்பாற்றப்பட்ட அந்நியர் குணமானதும் சிலவேளை நம்மோடு சேர்வார். சிலவேளை எழுந்து தன் பாட்டில் போய்விடுவார். மருந்து செலவு, உணவு செலவு, வைத்தியரின் நேரமும் செலவு, கையில் ஒன்றுமில்லை. வினைத்திறனின் ஏட்டில் அது வெறும் நட்டம். உதவி செய்தால் இலாபம் வரும் என்று விளையாட்டு உறுதியளித்திருந்தால், உதவுவதும் சோளம் நடுவதைப் போல் ஒரு முதலீடாகவே இருந்திருக்கும். உறுதியில்லாதபடியால்தான் அங்கு ஒரு மனிதச் செயலுக்கு இடமிருக்கின்றது.

அவ்வாறெனின் இருப்பிடமொன்றின் விளைதிறனை எதைக்கொண்டு அளப்பது? உயிர் தப்பியோரின் தொகையால் என்பது இலகுவான விடை. ஆனால் அத்தொகையில் யாரைச் சேர்ப்பது என்பதை வரைபடமே முற்கூட்டித் தீர்மானித்துவிடுகின்றது. விண்கலம் கட்டிப் புறப்படும் கட்டத்திலும் இதுவே நடக்கின்றது. நெடும்பயண உறக்கத்துக்கான பேழைகள் எத்தனை என்பதை விளையாடுபவரே முடிவுசெய்கின்றார். பேழை கட்டப்படாதவர் தரையில் நின்று, மேலெழும் கலத்தைப் பார்த்திருப்பார். 'அனைவரும் தப்பினர்' என்ற வசனம் அப்போதும் உண்மையாக எழுதப்படலாம். அனைவர் என்றால் யார் என்பதைச் சற்று மாற்றிக்கொண்டால் போதும். நாடிய விளைவு யாது என்பதை முதலில் கேட்காமல் விளைதிறன் பற்றிப் பேச முடியாது. விரிவுரையாளர் அதையும் சொல்லியிருப்பார். நான்தான் புள்ளிக்காகப் படித்தேன்.

அதன் பின்னர் என் பாட நேரசூசியை எடுத்துப் பார்த்தேன். நாற்பது நிமிடப் பாடவேளை: அறிமுகத்துக்கு ஐந்து, விளக்கத்துக்குப் பதினைந்து, பயிற்சிக்குப் பதினைந்து, தொகுப்புரைக்கு ஐந்து. கூட்டினால் சரியாக நாற்பது. வருடக்கணக்காக அதை ஒரு சாதனையாக எண்ணி வந்திருக்கின்றேன். பின்வாங்கில் இருந்து கை உயர்த்தும் பிள்ளையிடம் "பிறகு பார்ப்பம் மகன், நேரமில்லை" என்று சொல்லும்போதெல்லாம் நான் ஏலாது என்றுதான் சொன்னதாக நம்பியிருந்தேன்.

மகன் இப்போது புதிய ஆட்டமொன்றைத் தொடங்கியிருக்கின்றான். வழமைபோல் மூன்று பேர். சதுரக்கோட்டுக் கொப்பியில் முதலில் பென்சிலால் வரைந்தான். குசினி, குளிர்க்களஞ்சியம், நடுவில் மண்டபம், மூன்று அறைகள். நான்காவதாக வாசலுக்கு அருகில் ஓர் அறை. அதில் ஒரு கட்டில், ஒரு விளக்கு. அதற்கு மரம் செலவாயிற்று. அதனைச் சுத்தஞ் செய்ய நாளாந்தம் ஒருவரின் நேரம் போகின்றது. பனிக்காலம் வந்தது. விறகு குறைந்தது. கட்டிலைக் கழற்றினால் மரத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும்.

"கழற்றவா வாப்பா? ஒருத்தரும் வரல்லியே" என்றான்.

விறகு எத்தனை நாளைக்குக் காணும் என்று கேட்க என் வாய் எழுந்தது. கேட்கவில்லை. "இருக்கட்டும்" என்றேன். இன்றுவரை அந்தக் கட்டிலில் எவரும் படுக்கவில்லை.